திரும்பி வந்த வெள்ளி ரூபாய்

உங்கள் வீட்டுப் பரணிலோ, மூத்தவர்கள் விட்டுச் சென்ற தகரப் பெட்டியின் அடியிலோ, பழைய துணியில் முடிந்து வைத்த நாலைந்து வெள்ளிக் காசுகள் இருக்கக்கூடும். விக்டோரியா ராணியின் முகம் தேய்ந்த ஒன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய் இரண்டு மூன்று, கப்பலில் போய்வந்தவர்கள் கொணர்ந்த பெயர் தெரியாத ஒரு பெரிய நாணயம். முன்பெல்லாம் பணமுடை நேர்ந்தால் அவை பொற்கொல்லரின் தராசுக்குப் போய் எடைக்கு எடை விலையாகும். இன்று வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் படமெடுத்து, இணையத்தில் நாணயச் சேகரிப்பாளர்களுக்கே நேராக விற்றுவிடுகிறார்கள். விலை கூடுதலாகக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பொற்கொல்லரிடம் கொடுத்த காசு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. இணையத்தில் விற்ற காசு திரும்பி வரும். அந்த நாளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் லாத்தா கணவரை இழந்தவர். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு நாள் நெருங்கியபோது, உம்மாவின் தாயார் தமக்கென்று தனியாகக் கொடுத்திருந்த பதினான்கு வெள்ளி ரூபாய்களை விற்றுவிடத் தீர்மானித்தார். இதற்கான வேலையெல்லாம் அவருடைய மகன்தான் செய்தான். பதின்மூன்று காசுகள் வெள்ளி விலையை ஒட்டியே போயின. பதினான்காவது மட்டும் 4,500 ரூபாய்க்கு விலை போயிற்று. அது 1911-ஆம் ஆண்டு ரூபாய்.

ஒரே ஒரு காசுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்பீர்கள். அதில் நம்மவர்களுக்கும் பங்குண்டு. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்திற்கு வந்தபின் 1911-இல் வெளியான அந்த ரூபாயில், மன்னரின் மேலங்கியில் சிறியதோர் யானை உருவம் செதுக்கப்பட்டிருந்தது. துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பன்றியாகத் தோன்றியது. முஸ்லிம்கள் அந்தக் காசை வாங்க மறுத்துக் குரல் எழுப்பினர். அரசு அதனை நிறுத்தி, அச்சிட்டவற்றில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912 முதல் துதிக்கையைத் தெளிவாக நீட்டிய புதிய அச்சைப் பயன்படுத்தியது. உருக்கப்படாமல் தப்பிய காசுகளையே சேகரிப்பாளர்கள் இன்று தேடுகிறார்கள். நம் முன்னோர் வேண்டாமென்று ஒதுக்கிய காசு நம் வீட்டுப் பெட்டிகளிலேயே தங்கியிருந்து இன்று விலை பேசப்படுவது விந்தைதான்!

காசு அஞ்சலில் போயிற்று. பணம் வந்தது. கட்டணமும் கட்டியாயிற்று. ஒன்பதாம் நாள் வாங்கியவரிடமிருந்து நான்கு படங்கள் வந்தன. காசின் மேல்விளிம்பில், வரிகள் அழிந்து மழுங்கிய ஓரிடம். வளையம் பற்றவைத்துப் பின்னர் அறுத்தெடுத்த தடம் அது. “நகையில் கோத்திருந்த காசு என்பதை நீங்கள் சொல்லவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள்” என்று எழுதியிருந்தார்.

மருமகனுக்குக் கோபம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று எழுதித்தானே போட்டிருந்தேன் மாமா? அவர் பார்த்துத்தானே வாங்கினார்?”

அவன் போட்டிருந்த படங்களை வாங்கிப் பார்த்தேன். பூ ஒரு படம், தலை ஒரு படம். விளிம்பு எதிலும் இல்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை, விளிம்பைப் படமெடுக்க வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது. லாத்தாவிடம் கேட்டபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அது உம்மம்மாவின் கழுத்து மாலையில் கிடந்த காசுதான் தம்பி. வளையத்தை ஆசாரியிடம் கொடுத்து எடுத்ததே நான்தான்” என்றார்.

கையில் பணமில்லை. கல்லூரியில் கட்டிய தொகையைத் திரும்பக் கேட்க முடியாது. வாங்கியவரோ வடமாநிலத்தில் எங்கோ இருக்கிறார். பதில் எழுதாமல் விட்டிருந்தால் தேடிக்கொண்டு வந்திருக்கப் போவதில்லை. இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதே கேள்வி.

காணாத பொருளும் காட்டாத குறையும்

இணைய விற்பனை என்பது, வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் பாராமலே விலை கொடுக்கும் விற்பனை. நம் மார்க்கச் சட்ட நூல்கள் இதனை முன்பே எடுத்து ஆராய்ந்துள்ளன. பாராமல் வாங்கியவருக்குப் பார்த்தபின் வேண்டாமென்று சொல்லும் உரிமை உண்டு என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபிலோ, கண்ணால் காணாத குறிப்பிட்ட ஒரு பொருளின் விற்பனையே செல்லாது என்பது வலுவான கருத்தாகும். குறையுள்ள பொருளைப் பற்றி இத்தகைய வேறுபாடு இல்லை. விற்குமுன் இருந்த குறை, வாங்கியவருக்குத் தெரிவிக்கப்படாத குறை என்றால் அவர் திருப்பித் தரலாம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, அதனை மேலே தெரியும்படி வைக்காததற்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். எங்கள் காசில் அந்த ஈரம் விளிம்பில் இருந்தது.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறையுள்ள பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள் ஆகியவற்றைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ‘திரும்பப் பெறப்படாது’ என்ற ஒற்றை வரி இவ்விடத்தில் அவரைக் காப்பாற்றாது. தொழிலாக அன்றித் தனிமனிதர் எப்போதோ ஒருமுறை விற்பதற்கு இந்த விதிகள் பொருந்தா என்பதும் அவற்றிலேயே உள்ளது. மருமகன் அதைப் படித்துவிட்டு என்னிடம் காட்டினான். சட்டம் விட்டுவிட்டாலும் லாத்தா விடுவதாக இல்லை.

பணத்தை நான் கடனாகக் கொடுத்தேன். காசு கைக்கு வந்து சேர்ந்த அன்றே அவருக்கு அனுப்பினோம். அஞ்சல் செலவையும் சேர்த்தே அனுப்பச் சொன்னார் லாத்தா, தவறு நம்முடையதாயிற்றே!

விற்குமுன் செய்ய வேண்டியவை

காசை எடுத்தவுடன் புளி போட்டோ சாம்பல் போட்டோ பளபளக்கத் தேய்ப்பவர்கள் நம் வீடுகளில் அதிகம். பற்பொடி போடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து தேய்க்காதீர்கள்! வெள்ளியில் காலப்போக்கில் ஏறிய கருமையைச் சேகரிப்பாளர் விரும்புகிறார். தேய்த்த கீறலை உருப்பெருக்கியில் உடனே கண்டுபிடித்துவிடுகிறார். தேய்த்த காசின் விலை இறங்கிவிடும். தேய்த்ததைச் சொல்லாமல் விற்றால் காசே திரும்பிவிடும்.

அடுத்தது எடை. 1835 முதல் 1939 வரை அடிக்கப்பட்ட ஆங்கிலேய இந்திய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தேய்மானத்தால் சிறிது குறையலாம். கூடினாலோ பெரிதும் குறைந்தாலோ சந்தேகப்படுங்கள். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால், நல்ல வெள்ளி ரூபாயின் எடை ஏறத்தாழ 1.13 கிராம் குறைந்து காட்டும். ஈயமோ பித்தளையோ கலந்த போலி வேறு கணக்குக் காட்டிவிடும். 1940-இல் தொடங்கி வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆகவே 1944-ஆம் ஆண்டுக் காசைச் ‘சுத்த வெள்ளி’ என்று எழுதி விற்றால், பொய் சொல்லும் எண்ணம் இல்லாமலேயே பொய்யுரைத்தவர்களாகிறோம்.

1947-ஆம் ஆண்டுப் புலி உருவ ரூபாயில் வெள்ளியே கிடையாது, அது நிக்கல். காந்தத்தில் ஒட்டும். காந்தத்தில் ஒட்டினால் போலி என்று கேள்விப்பட்டிருக்கும் புதிய சேகரிப்பாளர் அதையும் திருப்பி அனுப்பக்கூடும். ‘இது நிக்கல் நாணயம், காந்தத்தில் ஒட்டும்’ என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிட்டால் இரண்டு அஞ்சல் செலவு மிச்சம்.

கடற்கரை ஊர்களில் சில வீடுகளில் கனத்த பெரிய வெள்ளி நாணயம் ஒன்று இருக்கும். ஒரு பெண்மணியின் உருவமும் 1780 என்ற ஆண்டும் அதில் காணப்படும். அது ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் தாலர். அரபுநாட்டு வணிகத்தில் நெடுங்காலம் செல்லுபடியான காசு. ஆனால் பேரரசி இறந்தபின் எந்த ஆண்டு அடித்தாலும் அதே 1780-ஐப் பொறித்தே அடித்து வந்தார்கள். பம்பாய் நாணயச்சாலையிலும்கூட அது அடிக்கப்பட்டது. காசில் கண்ட ஆண்டை நம்பி ‘இருநூறு ஆண்டு கடந்த நாணயம்’ என்று எழுதுவது எளிது. விவரமறிந்தவர் கைக்குப் போனதும் அது திரும்பி வருவதும் அதே அளவு எளிது. ‘1780 என்று பொறிக்கப்பட்டது, பிற்கால அச்சாக இருக்கலாம்’ என்பதே நேர்மையான வாசகம்.

போலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆறாம் ஜார்ஜின் 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது. அதனாலேயே அதன் போலிகள் ஏராளம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் இந்துத் தெய்வ உருவங்களும் கொண்ட ‘அரையணா’க்களைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை, அவை பிற்காலத்தில் எவரோ அடித்த வில்லைகள். பெட்டியில் கிடந்தது என்பதற்காக ஒரு காசு அசலாகிவிடாது. நம் மூத்தவர்களும் ஏமாந்திருக்கலாம் அல்லவா? சந்தேகமிருந்தால் விற்காதீர்கள். விற்பதாயின் ‘அசலா என்பதற்குப் பொறுப்பேற்கவில்லை’ என எழுதி, அதற்குத் தக்க குறைந்த விலையைச் சொல்லுங்கள்.

படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் தலை, பூ, விளிம்பு மூன்றையும் எடுங்கள். தராசின் மேல் வைத்து எடை தெரியும்படி ஒரு படம். கீறல், துளை, பற்றவைத்த தடம் ஏதேனும் இருந்தால் அதை நெருக்கத்தில் தனியாக ஒன்று. குறையைக் காட்டினால் வாங்க ஆளிருக்குமா என்று அஞ்ச வேண்டாம். விலை குறையும், ஆனால் வந்த பணம் உங்களிடமே தங்கும்.

திருப்பி அனுப்புபவர் எல்லாரும் நல்லவரல்லர்

எங்களுக்குப் படம் அனுப்பியவர் நேர்மையானவர். எல்லாரும் அப்படியிருப்பதில்லை. நல்ல காசை வைத்துக்கொண்டு, தம்மிடமிருந்த தேய்ந்த காசைத் திருப்பி அனுப்பும் சூதும் நடக்கிறது. இதற்குக் காப்பு அந்தப் படங்களே. ஒவ்வொரு பழைய காசுக்கும் தனக்கே உரிய கீறலும் மழுங்கலும் உண்டு. நம் கைரேகை போல. எடையைக் கிராமின் நூற்றிலொரு பங்கு வரை குறித்து வையுங்கள். காசை உறையிலிட்டு, உறையின் வாயில் கையொப்பமிட்ட ஒட்டுத்தாள் ஒட்டி, சிப்பம் கட்டுவதை முழுமையாகக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏழு நாட்களுக்குள், உறை பிரிக்கப்படாமல் இருந்தால் மட்டும், மனம் மாறியதற்காகத் திருப்பலாம், சொல்லாத குறை இருப்பின் உறை பிரித்திருந்தாலும் திருப்பலாம்’ என்று விளம்பரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். முதல் வகையில் அஞ்சல் செலவு அவருடையது. இரண்டாம் வகையில் நம்முடையது.

திரும்பி வரும் சிப்பத்தையும் காணொளி எடுத்துக்கொண்டே பிரியுங்கள். காசு கைக்கு வந்து, படத்தோடும் எடையோடும் ஒத்துப் பார்த்த பிறகே பணம். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்கிற்கே அதனை அனுப்புங்கள். ‘என் நண்பர் எண்ணுக்குப் போடுங்கள்’ என்றால் இணங்க வேண்டாம். ‘தவறுதலாக ஒரு பூஜ்யம் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் தாருங்கள்’ என்று பதறும் குரல் கேட்டால் குறுஞ்செய்தியை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் பெறுவதற்குப் படக்குறியை வருடவோ இரகசிய எண்ணை அழுத்தவோ ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பழைய காசுக்கும் நோட்டுக்கும் இலட்சங்கள் தருவதாகக் கூறி, முன்பணமாகக் ‘கமிஷன்’, ‘வரி’ என்று கறக்கும் கும்பல்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தியதால், 2021 ஆகஸ்டில் அவ்வங்கி எச்சரிக்கை வெளியிட்டது. இத்தகைய வாங்கல் விற்றலில் தான் ஈடுபடுவதுமில்லை, எவரிடமும் கட்டணம் கேட்பதுமில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 786 என்ற எண்ணில் முடியும் ரூபாய் நோட்டுக்கு இலட்சம் கிடைக்கும் என்ற விளம்பரம் நம் வீட்டுப் பெண்களைத்தான் குறிவைக்கிறது. அந்த எண் பத்து ரூபாய் நோட்டிலும் வரும், நூறு ரூபாய் நோட்டிலும் வரும்; அச்சடிக்கும் வரிசையில் ஆயிரத்துக்கொரு நோட்டில் வந்தே தீரும்! பரகத்தை நோட்டின் எண்ணில் தேடுவோரைக் காண எனக்குச் சிரிப்பை விட வருத்தமே மிகுதி.

கூரியர் நிறுவனங்கள் பல, நாணயத்தையும் விலையுயர்ந்த உலோகத்தையும் ஏற்பதில்லை என்று தம் நிபந்தனையில் எழுதி வைத்திருக்கின்றன. அதைப் படியாமல் அனுப்பினால், தொலைந்துபோன சிப்பத்திற்கு இழப்பீடு கிடைக்காது. அஞ்சலகத்தில் காப்பீட்டோடு அனுப்புவதே நலம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் கேட்டாலும் அனுப்பாதீர்கள். இத்தகைய நாணயங்களை விற்பதைத் தொழிலாகவே கொள்வோர் உரிமம் பெற வேண்டும். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த புதையல் காசு விற்பனைக்கே உரியதன்று. மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம்.

பெட்டி யாருடையது என்பதையும் முதலில் பாருங்கள். இறந்துபோன உம்மாவின் பெட்டியென்றால் அதிலுள்ள காசு வாரிசுகள் அனைவருக்கும் உரியது. மூத்த மகன் தனியாகப் படமெடுத்து விற்றுவிட முடியாது. மேலும், வெள்ளிக் காசைப் பணத்திற்கு விற்கும்போது இருபக்கமும் அப்போதே கைமாற வேண்டுமா என்பது மார்க்க அறிஞர்கள் விவாதிக்கும் ஒன்று. 1986-இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பொன் வெள்ளிக்குரிய வட்டிச் சட்டங்கள் காகிதப் பணத்திற்கும் பொருந்தும் என்று முடிவு செய்தது. அதன்படி, பணம் இன்று, வெள்ளி அடுத்த வாரம் என்ற ஏற்பாடு சிக்கலுக்குரியது. வேறு கருத்துடைய அறிஞர்களும் உள்ளனர். செம்பு, நிக்கல் காசுகளில் இந்தக் கேள்வி இந்த அளவுக்கு எழுவதில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். நாங்கள் கேட்டது காசு திரும்பி வந்த பிறகுதான். முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அந்த 1911 ரூபாய் மூன்று மாதம் எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது. இம்முறை மருமகன் விளிம்புப் படத்தையே முதலாவதாகப் போட்டு, ‘நகையில் இருந்தது, வளையம் அறுத்த தடம் உண்டு’ என்று எழுதினான். பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் நேரில் வந்து, உருப்பெருக்கியில் பார்த்து, பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாங்கிச் சென்றார். விலை 2,600 ரூபாய். எனக்கு வரவேண்டிய மீதியை லாத்தா மாதம் முந்நூறாகக் கொடுத்து வருகிறார். வேண்டாமென்றால் கேட்பதில்லை.